பழைய காருக்குக் கெட்டியான ஆயில் ஊற்றலாமா?

1.6 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் காருக்கு 20டபிள்யூ-50 என்ற கெட்டியான என்ஜின் ஆயிலை ஊற்றச் சொல்கிறார் மெக்கானிக், சரியா என்று கேட்கிறீர்கள். அவசரப்படாதீர்கள், முதலில் கையேட்டைப் பாருங்கள். அதில் 10டபிள்யூ-30 என்று இருந்தால், 10 என்பது குளிரில் ஆயில் ஓடும் தன்மை. 30 என்பது 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கெட்டியான ஆயில் என்ஜினின் மேல்பகுதிக்கு ஏறத் தாமதமாகும். தேய்மானத்துக்கு அந்தச் சில நொடிகளே போதும்.

சமதரையில் நிறுத்தி, என்ஜின் ஆறியதும் ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுங்கள். வாராவாரம் பார்த்தும் அளவு இறங்கவில்லையா? கையேட்டில் உள்ள கிரேடே போதும். இறங்குகிறது, சைலன்சரில் நீலப்புகையும் வருகிறது என்றால், கையேடு அனுமதித்தால் சற்றே கெட்டியான 10டபிள்யூ-40க்கு மாறலாம். அப்புறமும் புகை நிற்காவிட்டால் பெட்ரோல் எரியும் இடத்துக்குள் ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீல், பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள்.