ஜெபிக்க உட்கார்ந்தா வட்டிக் கணக்கு வருதுன்னா

சோமனூர் சகோதரருக்கு,

தறி நின்னு மூணு மாசம், ஜெபிக்க உட்கார்ந்தா வட்டிக் கணக்குதான் ஓடுது, சபையில "விசுவாசம் பத்தல"ன்னுட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. அந்தப் பேச்சைத் தள்ளி வைங்க. வேதத்துல 1 இராஜாக்கள் 19-ல எலியா தீர்க்கதரிசி சாகணும்னு கேட்டப்போ கர்த்தர் கடிஞ்சுக்கலீங்க. தூங்க விட்டார், சுட்ட அடையும் தண்ணியும் ரெண்டு தரம் கொடுத்தார். பேச்செல்லாம் ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். அதனால முதல்ல ராத்திரிச் சோறும் தூக்கமும்.

காலைல பத்து நிமிசம் போதும். சங்கீதம் 13 எடுங்க, ஆறே வசனம். வாய்விட்டு வாசிங்க, மனசுக்குள்ள வாசிச்சா கணக்கு நடுவுல புகுந்துக்கும். முதல் ரெண்டு வசனத்துல "எதுவரைக்கும்"ங்கிற கேள்வி நாலு தரம் வரும். அங்கேயே நில்லுங்க. யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதின்னு நோட்டுல எழுதி, அந்தத் தொகையைச் சொல்லியே கேளுங்க. வட்டிக் கணக்கு ஜெபத்துக்கு இடைஞ்சல் இல்லீங்க, அதுதான் இன்னைக்கு ஜெபமே.

பெரும்பாலும் தப்பு நடக்கிறது எங்கேன்னா, முறையிடாமலே அஞ்சாம் வசனத்து நம்பிக்கைக்குத் தாவுறதுல. வாய் பாடும், நெஞ்சு ஒட்டாது. நம்பிக்கை வரலைன்னா நடிக்க வேண்டாம், 88-ஆம் சங்கீதத்துக்குப் போங்க. அது ஆறுதலே இல்லாம முடியும். அதுவும் வேதத்துலதான் இருக்குது. கர்த்தர் பக்கத்துல இருக்காரான்னு மனசுக்குத் தோணுறதை வெச்சு அளக்காதீங்க, பசியில அந்த அளவுகோல் பொய் சொல்லும்.

ரெண்டு வாரமா தூக்கமில்ல, செத்துடலாம்னு நினைப்பு வருதுன்னா, இன்னைக்கே வீட்டுல சொல்லிட்டு, அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்க. தமிழ்லயே பேசலாம், காசில்லை.