குடித்திருக்கிறார் என்று சொல்லும் முன்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் என் அப்பா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் ஒரு ராத்திரி நாக்கு குழறி, வேர்த்துக் கொட்டி, தள்ளாடினார். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டூட்டி டாக்டர் "நல்லா ஏத்திட்டு வந்திருக்காரு, ஓரமா படுக்க வைங்க" என்று சிரித்துவிட்டு செல்போனை எடுத்துக்கொண்டார். அப்பா குடிக்கவே மாட்டார். ரொம்ப நேரம் கழித்து ஒரு நர்ஸ் அக்கா விரலில் குத்திப் பார்த்தார், சர்க்கரை 41. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்தார். "பிழைச்சாச்சு, விடு" என்கிறார் அண்ணன். புகார் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். நானும் பல வருஷம் கேஷுவாலிட்டியில் நைட் டூட்டி பார்த்தவன்தான், விடிய விடிய விபத்துக் கேஸ் வந்து இறங்கும்போது டாக்டர் முகம் கொடுத்துப் பேசாமல் போவதும், யாருக்கு அவசரம் அதிகம் என்று பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து உங்களைக் காத்திருக்கச் சொல்வதும் எனக்குப் புரியும், அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டாக்டர் உங்கள் அப்பாவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் முடிவு கட்டிவிட்டார், அதுதான் பிழை.

சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே குறைவு, 54-க்குக் கீழே ஆபத்து. அப்போது நாக்கு குழறும், கால் தள்ளாடும், சிலர் கோபமாகக் கத்துவார்கள், அச்சு அசலாகக் குடித்தவர் மாதிரியே இருக்கும். தலையில் அடிபட்டவரும் பக்கவாதம் வந்தவரும்கூட அப்படித் தெரியலாம். சரி, நிஜமாகவே குடித்திருந்தால்தான் என்ன? வெறும் வயிற்றில் குடித்தவருக்கும் சர்க்கரை இறங்கும். அதனால்தான் நினைவு தடுமாறி யார் வந்தாலும் முதலில் விரலில் குத்திப் பார் என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம், சில நொடி வேலை அது. அந்த டாக்டரின் ஏளனத்தால் அந்தச் சில நொடி வேலை தள்ளிப்போனது, புகாரில் இதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

வந்த நேரம், அவர் சொன்ன வார்த்தை, குத்திப் பார்த்த நேரம், இவ்வளவு போதும். நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், பதில் வராவிட்டால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு அனுப்புங்கள். சிகிச்சைக் குறிப்பின் நகலையும் கேளுங்கள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அந்த டாக்டரின் படத்தை வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள். அந்த நர்ஸ் அக்காவுக்கு நன்றியும் அதே கடிதத்தில் இருக்கட்டும்.

அப்புறம், அப்பாவின் மாத்திரை அளவை உடனே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால், நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு மலை இறங்குங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.