வெண்ணெயா, கழுதையா?

கே: இத்தாலி டூர் போனப்போ மெனுவுல 'பாஸ்தா அல் புர்ரோ'ன்னு இருந்துச்சு. என் பொண்ணு ஆப்ல ஸ்பானிஷ் கத்துக்கிறா, 'புர்ரோன்னா கழுதைம்மா'ன்னு அவ சொன்னதும் பயந்து வேற ஆர்டர் பண்ணிட்டோம். நிஜமாவே கழுதைக் கறிதானா?

ப: அடடா, நல்ல ஐட்டத்தை விட்டுட்டீங்களே! இத்தாலியன்ல புர்ரோன்னா வெண்ணெய். பொண்ணு சொன்னதும் சரிதான், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் ரெண்டுலயும் அது கழுதை, மக்குன்னு திட்டுறதுக்கும் அதே வார்த்தைதான் (இதுல மட்டும் நாமளும் அவங்களும் ஒரே கட்சி). ஆனா இந்த ரெண்டு புர்ரோவுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. கிரேக்கத்துல 'பூஸ்'னா மாடு, 'தீரோஸ்'னா சீஸ், சேர்த்தா 'பூத்தீரோன்', அதாவது மாட்டுச் சீஸ். ஆலிவ் எண்ணெயும் ஆட்டுப்பால் சீஸுமா வாழ்ந்தவங்களுக்கு வெண்ணெய் வெளியூர் சரக்கு, அதான் இப்படி ஒரு பேரு, ரோம்லயும் அதே கதைதான், 1-ம் நூற்றாண்டுல ரோமன் எழுத்தாளர் பிளினி அதை காட்டுமிராண்டி ஜனங்களோட சாப்பாடுன்னே எழுதி வச்சிட்டார். அந்த வார்த்தை லத்தீன்ல 'பூட்டிரும்' ஆச்சு, இங்கிலீஷ் பட்டர், ஜெர்மன் புட்டர் எல்லாம் அதோட வாரிசுங்க, பழைய ஃபிரெஞ்சு வழியா சுத்திக்கிட்டு இத்தாலிக்கு வந்தப்போ தேய்ஞ்சு புர்ரோ ஆயிடுச்சு.

கழுதை ரூட் வேற. லத்தீன்ல 'புர்ரிக்குஸ்'னா குட்டைக் குதிரை, அது ஸ்பானிஷ்ல 'பொர்ரிக்கோ', அப்புறம் வாலை நறுக்கி புர்ரோ. ஸ்பெயின்ல வெண்ணெய் வேணும்னா 'மான்தேகீயா'ன்னு கேக்கணும்.

கழுதைக் கறி வேண்டாம்னா இத்தாலி மெனுவுல நீங்க தேட வேண்டிய வார்த்தை 'ஆசினோ'. சும்மா சொல்லல, வட இத்தாலியில மாந்துவா, வெனிட்டோ பக்கமெல்லாம் கழுதைக் கறியை வைன் ஊத்தி மணிக்கணக்கா வேகவைக்கிற குழம்பு ரொம்ப ஃபேமஸ்.

கே: அப்போ புரிட்டோ, புர்ராட்டா?

ப: புரிட்டோன்னா 'குட்டிக் கழுதை', ரொட்டிக்குள்ள கறி, பீன்ஸ்னு வச்சு சுருட்டுற மெக்சிகோ ஐட்டம், ஏன் அந்தப் பேருன்னு ஆளுக்கொரு கதை சொல்றாங்க. புர்ராட்டா வெண்ணெய்க் குடும்பம். தெற்கு இத்தாலியில புலியா மாகாணத்து ஆந்திரியா ஊர்ச் சரக்கு (நம்ம ஆந்திரா இல்லீங்க). மொசரெல்லாங்கிற மெத்துன்னு இருக்கிற சீஸை பை மாதிரி இழுத்து, உள்ள பிய்ச்சுப் போட்ட மொசரெல்லாவும் க்ரீமும் ரொப்பி முடிச்சுப் போட்டிருப்பாங்க, அதுல வெண்ணெயே போடறதில்ல, வாயில வச்சா வெண்ணெய் மாதிரி இருக்கும், அதுக்குத்தான் அந்தப் பேரு. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே வெட்டாதீங்க, கொஞ்ச நேரம் வெளிய வச்சாத்தான் க்ரீம் இளகி ஒழுகும்.