கலமும் அதன் பாகங்களும்: ரீச்சரிடம் கேளுங்கோ

சாதாரண தர, உயர்தரப் பிள்ளைகளுக்கான இன்றிரவுக் கேள்வி பதில் இது. கலத்தின் அமைப்பும் தொழிலும் மட்டும் கேளுங்கோ. இசட் புள்ளி, பாடத்தெரிவு எல்லாம் வேறொரு நாளைக்கு.

மாணவன், சாவகச்சேரி: ரீச்சர், வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில வைச்சுப் பார்த்தால் கறுப்பு விளிம்போட வட்டம் வட்டமாத் தெரியுது. கரு ஒண்டையும் காணேல்லை.

நீர் பார்த்தது காற்றுக் குமிழி, தம்பி. வெங்காய மேற்றோல் கலம் நீண்ட பெட்டி மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கியிருக்கும். தனித்தனி வட்டம் தெரிந்தால் மூடித்துண்டு போட்ட விதம் பிழை.

பம்பாய் வெங்காயம் எடும், உரி பெரிதாக வரும். காய்ந்த வெளித்தோலில் இருப்பவை இறந்த கலங்கள், அதில் கரு தேடிப் பிரயோசனமில்லை. சதைப்பற்றான செதிலின் உட்குழிந்த பக்கத்தில் பிளேட்டால் 5 மில்லிமீற்றர்ச் சதுரம் கீறி, சாவணத்தால் மெல்ல உரியும். வழுக்கியில் முதலே ஒரு துளி நீர் இருக்கவேண்டும். உரியை மடியாமல் அதில் விரித்து, ஒரு துளி அயடீன் கரைசல் விட்டு, இரண்டு நிமிடம் பொறும். பிறகு மூடித்துண்டின் ஒரு விளிம்பை நீரில் தொட வைத்து, மற்ற விளிம்பை ஊசியால் தாங்கி, சரிவாக இறக்கும். நேராகப் போட்டால் காற்று அகப்படும். வழிகிற நீரை வடிதாளால் ஒற்றி எடும்.

முதலில் சிறிய பொருள்வில்லையில் பார்த்துக் குவியப்படுத்தி, அதன் பிறகுதான் 40 மடங்குப் பொருள்வில்லைக்குப் போகவேண்டும். அங்கே நுண் சீராக்கித் திருகை மட்டும் தொடும். பெரிய திருகைத் திருப்பினால் வழுக்கி உடையும், வில்லையில் கீறலும் விழும். கரு மஞ்சட் கபிலப் பொட்டாக, பெரும்பாலும் சுவரோரமாக ஒதுங்கிக் கிடக்கும். நடுப்பகுதியைப் புன்வெற்றிடம் என்ற சாறு நிரம்பிய பை பிடித்திருப்பதுதான் காரணம்.

மாணவி, கொக்குவில்: அயடீன் நீரில கரையுதில்லையே?

கரையாது. 2 கிராம் பொற்றாசியம் அயடைட்டைக் கொஞ்ச நீரில் கரைத்து, அதில் 1 கிராம் அயடீனைக் கரையும். பிறகு 300 மில்லிலீற்றர் வரை நீர் சேர்த்து, கபில நிறப் போத்தலில் வையும்.

மாணவன், பருத்தித்துறை: வெங்காயக் கலத்தில பச்சையவுருமணி தெரியேல்லை. ஆனா தாவரக் கலத்தில இருக்க வேணுமே?

எந்தத் தாவரக் கலத்தில்? இன்றைக்கு இந்தக் கேள்வியைப் பலதரம் திருப்பிக் கேட்பேன், பழகிக்கொள்ளுங்கோ. புத்தகத்தில் வரைந்திருப்பது எல்லாப் பாகங்களையும் ஓரிடத்தில் காட்டும் பொதுப்படம். வெங்காயக் குமிழும் வேரும், ஒளித்தொகுப்புச் செய்யும் பச்சையவுருமணி இல்லாமலே தாவரப் பகுதிகள்தான். இலையின் கீழ் மேற்றோலில்கூடப் பல தாவரங்களில் காவற்கலங்களில் மட்டும்தான் அது தெளிவாகத் தெரியும். உணவு கடத்தும் முதிர்ந்த நெய்யரிக்குழாய் மூலகத்தில் கருவே இல்லை. நீர் கடத்தும் காழ்க் கலன் இறந்தபின்தான் வேலை செய்கிறது. எங்கள் செங்குழியத்தில் கருவும் இல்லை, சுவாசம் நடக்கும் இழைமணியும் இல்லை. செய்முறையில் கண்டதை மட்டும் வரையும். காணாத பச்சையவுருமணியைப் போட்டால் அது பொய்.

பெற்றோர், மானிப்பாய்: மகளுக்குக் கன்னக் கலம் எடுக்கிற செய்முறை. ஆபத்தில்லையா?

பயப்படாதேங்கோ. வாயைக் கொப்பளித்துவிட்டு, புதுப் பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தை மெதுவாக உரசி, வழுக்கியில் மெல்லிதாகப் பூசச் சொல்லுங்கோ. மெதிலீன் நீலம் ஒரு துளி, ஒரு நிமிடம் போதும். ஒருவர் பாவித்த குச்சியை இன்னொருவர் தொடக்கூடாது, பாவித்ததைக் குளோரீன் வெளிற்றியில் போடவேண்டும். ஒழுங்கற்ற தட்டைக் கலங்களும் நடுவில் நீலக் கருவும் தெரியும்.

மாணவி, சுன்னாகம்: தாவரத்துக்குப் பச்சையவுருமணி இருக்குத்தானே, பிறகு இழைமணி ஏன்?

பச்சையவுருமணி ஆக்கும் ஏ.ரீ.பி. என்ற சக்திப் பொருள் பெரும்பாலும் அங்கேயே வெல்லம் தொகுக்கச் செலவாகிவிடும். கலத்தின் மற்ற வேலைகளுக்கு அந்த வெல்லத்தைச் சுவாசத்தால் உடைக்கவேண்டும், அதற்குத்தான் இழைமணி. இரவில் என்ன செய்யும், ஒளியே படாத வேர் என்ன செய்யும் என்று யோசித்தால் விடை வந்துவிடும்.

மாணவன், கரவெட்டி: தாவரக் கலத்தில இலைசோசோம் இருக்கோ? ஒரு நோட்டில இருக்கு, இன்னொண்டில இல்லை.

இலைசோசோம் 1955 இல் கிறிஸ்தியான் டி டூவ் எலியின் ஈரலை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்தது. சவ்வால் சூழ்ந்த பை, உள்ளே நீர்ப்பகுப்பு நொதியங்கள், பீ.எச். ஏறத்தாழ 5. தாவரத்தில் இதே வேலையைப் பெரும்பாலும் புன்வெற்றிடம் செய்கிறது. அதற்குள்ளும் அமில ஊடகம்தான், அதே வகை நொதியங்கள்தான். பயறு முளைக்கும்போது வித்திலையில் சேமித்த புரதம் உடைவது புன்வெற்றிடத்துக்குள்ளேதான். காழ்க் கலன் உருவாகும்போது புன்வெற்றிடம் உடைந்து, நொதியங்கள் வெளியேறி, கலத்தின் உள்ளடக்கத்தைக் கரைத்துவிடும். ஆகவே புன்வெற்றிடத்தை வெறும் தண்ணீர்த் தொட்டி என்று எழுதாதேயும்.

தனியார் வகுப்பு ஆசிரியர், நல்லூர்: இலைசோசோம் விலங்குக் கலத்தில் மட்டும் என்று ஒரே வரியில் சொன்னால் பிள்ளைகளுக்கு இலகு. ஏன் குழப்புறீங்கள்?

ஒப்பீட்டு அட்டவணையில் அந்த வரியைப் போடுங்கோ சேர், நான் மறிக்கவில்லை. ஆனால் தொழிலைக் கேட்டு அமைப்புக் கட்டுரை வந்தால், தாவரக் கலம் தன் பழைய பாகங்களை எப்படி உடைக்கிறது என்று அந்தப் பிள்ளை எதை எழுதும்?

விஞ்ஞானபீட மாணவி, திருநெல்வேலி: விலங்குக் கலத்தில் கருவுக்கருகே இருக்கும் புன்மையத்தியும் அப்படித்தானே ரீச்சர்? தாவரத்தில் இல்லை என்கிறோம். ஆனால் பாசி, பன்னம், சைக்கசு எல்லாவற்றிலும் நீந்தும் விந்துக் கலம் இருக்கே.

சரியாகச் சொன்னீர். அந்த விந்துக் கலங்கள் நீந்த உதவும் சவுக்குமுளைகளுக்கு அடியில் அடியுடல் வேண்டும், அது புன்மையத்தி அமைப்புத்தான். பூக்கும் தாவரத்தில் விந்து நீந்துவதில்லை, அங்கே இல்லை. "பூக்கும் தாவரக் கலங்களில் இல்லை" என்று ஒரு சொல் கூட எழுதினால் வசனம் சரியாகிவிடும்.

தனியார் வகுப்பு ஆசிரியர், நல்லூர்: இரண்டு புள்ளிக்குச் சைக்கசு வரைக்கும் போகவேணுமோ?

வேண்டாம். பிழையாக எழுதவும் வேண்டாம்.

விவசாயி, உரும்பிராய்: பிள்ளையளின்ர கேள்விக்கிடையில வாறன், மன்னிக்கோணும். கிணத்துத் தண்ணி உவராப்போச்சு. இறைச்சாலும் வெங்காயம் வாடுது. இது கலத்தோட சம்பந்தமோ?

நேரடிச் சம்பந்தம் ஐயா. நீர், நீரழுத்தம் (நீர் வெளியேறும் நாட்டம்) கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் போகும். மண்ணீரில் உப்பு ஏறினால் அங்கே நீரழுத்தம் குறையும், வேர்க்கலத்தால் இழுக்கமுடியாது. உப்பு மேலும் ஏறினால் கலத்திலிருந்தே நீர் வெளியேறி, கலத்தின் உயிருள்ள பகுதியான முதலுரு சுவரை விட்டுச் சுருங்கும். தோட்டம் ஈரமாக இருந்தும் பயிர் வாடுவது இதனால்தான். வெங்காயம் உப்புக்கு மிக மென்மையான பயிர். நிரம்பிய மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். எங்கள் சுண்ணக்கல்லில் நன்னீர், உவர்நீருக்கு மேல் மிதக்கிற வில்லைபோல நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உவர் மேலேறும். நீரையும் மண்ணையும் பரிசோதிக்க உங்கள் விவசாயப் போதனாசிரியரைக் காணுங்கோ, மருந்து அடித்து இது தீராது.

பிள்ளைகள் இதைச் செய்முறையில் காணலாம். றியோ என்ற அலங்காரச் செடியின் இலையில் ஊதா நிறக் கீழ் மேற்றோலை உரித்து, 34.2 கிராம் சுக்குரோசைக் கரைத்து 100 மில்லிலீற்றராக்கிய கரைசலில் இடுங்கோ. சில நிமிடங்களில் ஊதா நிறம் சுவரை விட்டு ஒதுங்கும். திரும்ப நீரில் போட்டால் பழையபடி விரியும். விரியாவிட்டால் கலம் இறந்துவிட்டது. உரி கிழிந்த இடத்துக் கலங்களை எண்ணாதேங்கோ.

மாணவன், அச்சுவேலி: தாவரத்துக்கு இழைமணி இருக்கா ரீச்சர்?

மேலே சுன்னாகம் பிள்ளைக்குச் சொல்லியிருக்கு.

மாணவி, வேலணை: கரு கலத்தின் மூளை, இழைமணி மின்நிலையம் எண்டு எழுதலாமோ?

எழுதவேண்டாம். கரு யோசிப்பதில்லை, அதில் டீ.என்.ஏ. இருக்கிறது, அங்கே ஆர்.என்.ஏ. பிரதி எடுக்கப்படுகிறது. இறைபோசோமில் புரதம் தொகுக்கப்படும். வெளியே அனுப்பவேண்டிய புரதம் அழுத்தமற்ற (சொரசொரப்பான) அகமுதலுருச் சிறுவலைக்குள் போய், கொல்கி என்ற பை அடுக்கில் மாற்றமடைந்து, சிறுபையில் ஏறிக் கலமென்சவ்வுக்குப் போகும். இந்த ஒழுங்கை எழுதினால் புள்ளி தானே வரும்.

மாணவன், நெல்லியடி: இளநீர் ஒரு கலமோ ரீச்சர்? நண்பன் பந்தயம் கட்டுறான்.

இதுதான் இன்றைக்கு நல்ல கேள்வி. தென்னையின் வித்தகவிழையத்தில், அதாவது வித்துக்குள் உணவு சேரும் இழையத்தில், முதலில் கரு மட்டும் திரும்பத் திரும்பப் பிரியும், கலச்சுவர் உருவாகாது. அதனால் அந்தத் திரவத்தில் கருக்கள் சுயாதீனமாக மிதக்கும். பிறகு ஓரத்திலிருந்து சுவர் எழும்பிக் கலங்களாகும், அதுதான் வழுக்கையும் தேங்காயும். ஆக, தொடக்கத்தில் பல கருக்கள் கொண்ட ஒரே குழியவுரு என்று சொல்லலாம். பந்தயத்தில் பாதி அவருக்கு, பாதி உமக்கு.

மாணவன், காரைநகர்: ரீச்சர், விலங்குக் கலத்தில கலச்சுவர் ஏன் இல்லை? தாவரக் கலத்தில இழைமணி...

இழைமணிக்கு மேலே பாரும். சுவர் இருந்தால் தசை சுருங்காது, வெண்குழியம் கிருமியை விழுங்காது. இன்றைக்கு இவ்வளவுதான், விளக்கணைக்கிறன்.