கரண்டும் குழாயும் இல்லாத பாலைவனத்தில் குளிர்காலக் கேம்பிங்: சாண்ட்லர் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, அரிசோனாவின் சாண்ட்லருக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கூட வேலை பார்ப்பவர் ஜனவரி நீண்ட வார இறுதிக்குக் குவார்ட்ஸைட் பாலைவனத்துக்குக் கூப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுக்கலாமா, கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய் இணைப்பு (ஹூக்கப்) எதுவும் கிடையாதாமே, மனைவியையும் ஆறு வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போவது சரிதானா, குளிர் தாங்குமா, கழிப்பறைக்கு என்ன வழி, அங்கே இருப்பவர்கள் நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். ஆனால் தண்ணீருக்கும் பேட்டரிக்கும் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். இங்கே பல வருடங்களாகக் குளிர்காலத்தில் போய் வருகிறோம். எனக்குத் தெரிந்த குடும்பங்களில் பாம்பாலோ கொயோட்டியாலோ கெட்ட பயணம் ஒன்றுகூட இல்லை. விடிகாலை நாலு மணிக்கு பேட்டரி தீர்ந்து, ஹீட்டர் நின்று, குழந்தை நடுங்கி, விடிந்ததும் வீடு திரும்பிய பயணங்கள் உண்டு.

முதலில் இடம். சாண்ட்லரிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே 150 மைல் போனால் குவார்ட்ஸைட். ஊரில் நிரந்தரமாக இருப்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். குளிர்காலத்தில் சுற்றியுள்ள பாலைவனம் முழுக்க வெள்ளை வண்டிகளாக நிற்கும். அந்த நிலத்தில் பெரும்பகுதி பி.எல்.எம். எனப்படும் மத்திய அரசின் நில நிர்வாகத் துறையின் கையில் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட பகுதிகளில் 28 நாட்களுக்குள் 14 நாட்கள் வரை காசில்லாமல் தங்கலாம். அதற்கு மேல் என்றால் குறைந்தது 25 மைல் தள்ளிப் போய்விட வேண்டும். முன்பதிவு, இட எண் எதுவும் கிடையாது. போய், பிடித்த இடத்தில் நிறுத்த வேண்டியதுதான்.

உங்கள் நண்பர் இலவச இடம் ஒன்றைச் சொல்லியிருப்பார். முதல் தடவை அங்கே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஊருக்குத் தெற்கே 95-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி லா போசா என்று 11,400 ஏக்கர் இடம் இருக்கிறது. நெடுநாள் தங்குபவர்களுக்காக 1983-இல் தொடங்கிய திட்டத்தைச் சேர்ந்தது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பருவம். தொடர்ச்சியான 14 நாட்களுக்கு வெகுகாலமாக 40 டாலர்தான் வாங்கிவந்தார்கள். இப்போது எவ்வளவு என்று பி.எல்.எம். தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காசுக்குக் குடிதண்ணீர் பிடிக்கும் இடம், கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷன், குப்பை போட இடம், சில இடங்களில் குழிக் கழிப்பறை எல்லாம் கிடைக்கும். சின்னக் குழந்தையோடு போகிறவர்களுக்கு, தண்ணீர் தீர்ந்தால் பத்து நிமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற நிம்மதி அந்தக் காசை விடப் பெரியது.

ஒரே மாதிரித் தெரியும் நிலமெல்லாம் பி.எல்.எம். நிலம் அல்ல. மாநில அரசின் டிரஸ்ட் நிலத்துக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், பழங்குடியினர் ரிசர்வேஷனுக்குள் அவர்கள் அனுமதி இல்லாமல் தங்கவே கூடாது. போனில் நில உரிமை காட்டும் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி குளிர். அரிசோனாதானே என்று மெல்லிய போர்வையோடு கிளம்பிவிடாதீர்கள். ஜனவரியில் பகலில் 19 டிகிரி செல்சியஸ் இருக்கும், வெயிலில் உட்கார்ந்தால் சொர்க்கம். ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மறைந்த வேகத்திலேயே குளிரும் இறங்கும். விடியும்போது 4 டிகிரி, சில நாள் பூஜ்யத்துக்கும் கீழே. சூரியன் எழ ஏழே முக்கால் ஆகும். பதினான்கு மணி நேர ராத்திரி என்று மனதில் வைத்துக்கொண்டு பேட்டரியைப் பாருங்கள்.

வண்டியின் ஹீட்டர் புரொப்பேன் கேஸில் எரிகிறது, அதனால் கரண்ட் வேண்டாம் என்று நினைப்பார்கள். சூட்டை உள்ளே தள்ளுகிற ஃபேன் பேட்டரியில்தான் ஓடுகிறது. அது 7 ஆம்பியர் வரை இழுக்கும். ராத்திரி பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலே 35 ஆம்ப்-ஹவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய பேட்டரிக் கணக்கு) போய்விடும். விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜின் கண்ட்ரோல் போர்டு, கேஸ் அலாரம் எல்லாம் சேர்ந்தால் 45-ஐத் தொடும். வாடகை வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி. 100 ஆம்ப்-ஹவர் என்று போட்டிருந்தாலும் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரி கெடும். அதாவது முதல் ராத்திரியே முழுக்கணக்கும் முடிந்துவிட்டது. கூரையில் 200 வாட் சோலார் இருக்கிறதே என்பார்கள். குளிர்காலத்தில் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூட அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். படுக்கை வசத்தில் பொருத்திய பேனலில் கோடையில் கிடைப்பதில் பாதிகூட வராது. நல்ல வெயில் நாளில் 40 ஆம்ப்-ஹவர் கிடைத்தால் சந்தோஷப்படலாம். மேகம் போட்டால் அதுவும் இல்லை.

அதனால் வாடகைக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள்: பேட்டரி எத்தனை, லித்தியமா லெட்-ஆசிடா, ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுமா, 12 வோல்ட் கம்ப்ரசரா? கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் என்றால் பேட்டரிச் செலவு இன்னும் கூடும். ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு காசு, மண் பாதையில் ஓட்ட ஒப்பந்தம் அனுமதிக்கிறதா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சில ஒப்பந்தங்கள் மண் பாதையே கூடாது என்கின்றன. மோட்டார் ஹோம்களில் ஜெனரேட்டர் வண்டியின் பெட்ரோலிலேயே ஓடும், டேங்க் கால்பங்குக்கு இறங்கியதும் தானாக நின்றுவிடும். நடுக்காட்டில் பெட்ரோல் இல்லாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எனவே ஊருக்குள் டேங்கை நிரப்பிவிட்டு உள்ளே போங்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலை இருட்டும் முன் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம், அப்போது தொடவே கூடாது.

ஹீட்டரை 60 ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டு நல்ல ரஜாய், கம்பளி சாக்ஸ், தொப்பியோடு படுங்கள். மகளை நடுவில் போட்டுக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வது, கரி அடுப்பை உள்ளே கொண்டு வருவது, இரண்டும் உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வாடகை வண்டியைக் கையில் எடுக்கும்போதே அதற்கான அலாரத்தை உங்கள் கண் முன்னால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். நம்மவர்கள் யாரும் வெளிப்படையாகக் கேட்காததை நீங்கள் கேட்டதால் நானும் வெளிப்படையாகவே சொல்கிறேன். மூன்று பேருக்கான வாடகை வண்டியில் நல்ல தண்ணீர்த் தொட்டி 40 காலன், அதாவது 150 லிட்டர் இருக்கும். குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு தொட்டிக்கும், கழிப்பறைக் கழிவு பிளாக் டேங்குக்கும் போகும். காகிதத்தோடு நிறுத்தாமல் கழுவுவது நம் பழக்கம். அதை விட வேண்டியதில்லை, பிளாக் டேங்குக்குத் தண்ணீர் சேர்வது நல்லதும்கூட. தண்ணீர் போதாமல் போனால்தான் அடியில் இறுகி, டம்ப் செய்யும்போது இறங்காமல் அடம் பிடிக்கும். ஆனால் ஹெல்த் ஃபாசெட்டைத் திறந்துவிடாமல் அரை லிட்டர் சொம்பு ஒன்றைக் கழிப்பறையில் வைத்துவிடுங்கள். எவ்வளவு செலவாகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

குளியல் என்றால் நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுவது. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும், அந்தக் காற்றில் வியர்வையே வராது. மூன்று பேருக்கு நாளைக்கு 10 காலன் என்று வைத்தால் நாலு நாள் ஓடும். குடிக்க, சமைக்க 5 காலன் கேன் இரண்டு தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக் டேங்கை டம்ப் ஸ்டேஷனைத் தவிர வேறெங்கும் திறக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். மற்ற கழிவுத் தண்ணீரையும் நாங்கள் மண்ணில் விடுவதில்லை. நம் சமையல் எண்ணெயும் உணவுத் துணுக்கும் எலியையும் எறும்பையும் கூட்டி வரும். எலி வந்தால் வண்டி வயரைக் கடிக்கும்.

சமையலுக்கு இண்டக்‌ஷன் அடுப்பை மறந்துவிடுங்கள், 1,800 வாட்டை அந்த பேட்டரி தாங்காது. பிரஷர் குக்கர்தான் அங்கே ராஜா. கேஸும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். தேங்காய்ச் சட்னி, இஞ்சி பூண்டு விழுது எல்லாம் வீட்டிலேயே அரைத்துக்கொண்டு போங்கள், மிக்ஸி வேண்டாம். இட்லி மாவும் புளித்த பிறகுதான் கிளம்ப வேண்டும், அந்தக் குளிரில் பொங்காது. தாளிப்பதை வெளியே சின்ன கேஸ் அடுப்பில் வைத்துக்கொண்டால் வாடகை வண்டியில் வாசனை ஏறாது, ஜன்னலில் நீராவி படிந்து சொட்டவும் சொட்டாது. சாப்பிட்ட தட்டை முதலில் பேப்பர் டவலால் துடைத்துவிட்டு அப்புறம் கழுவுங்கள். பாதித் தண்ணீர் இதில் மிஞ்சும்.

வண்டியை எங்கே நிறுத்துவது? நண்பகலில் போய்ச் சேருங்கள். வறண்ட ஓடைப் படுகை மணல் சமமாக, அழகாக, மரநிழலோடு இருக்கும். அதில் மட்டும் நிறுத்தாதீர்கள். இருபது மைல் தள்ளி மலையில் பெய்த மழை இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். ஏற்கெனவே வண்டி நின்ற தடமும் கல்வளையமும் இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். தரை முழுக்கக் கூழாங்கல் பதித்தது மாதிரி ஒரு மேலோடு இருக்கும். அது உருவாக ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகும், ஒரு தடவை டயர் ஏறினால் போச்சு. இரண்டாம் உலகப் போரில், 1942 முதல் 1944 வரை, ஜெனரல் பேட்டன் தொடங்கிய ராணுவப் பயிற்சி இந்தப் பாலைவனங்களில்தான் நடந்தது. அப்போது டேங்குகள் உருண்ட தடம் சில இடங்களில் இன்றும் அழியவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து தங்கலாம் என்று ஒரு அரசாங்கம் இவ்வளவு நிலத்தைத் திறந்து வைத்திருப்பதே பெரிய விஷயம். குப்பையால் கெட்டு மூடப்பட்ட இடங்களும் இருக்கின்றன. உங்கள் குப்பையோடு, பக்கத்தில் கிடப்பதையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வாருங்கள்.

மகளிடம் சோய்யா (cholla) என்ற கள்ளியைப் படத்தில் காட்டிவிடுங்கள். பஞ்சு உருண்டை மாதிரித் தெரியும், தொடத் தோன்றும். லேசாகப் பட்டாலே ஒரு துண்டு கழன்று தோலில் மாட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் அந்தக் கையிலும் குத்தும். அகலப் பல் சீப்பைத் தோலுக்கும் கள்ளிக்கும் நடுவே நுழைத்து வெடுக்கென்று தள்ளிவிட்டு, மிஞ்சிய முட்களை இடுக்கியால் எடுக்க வேண்டும். காற்று பலமாக அடித்துப் புழுதி கிளம்பும் நாளில் உள்ளேயே இருங்கள். அரிசோனா மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சையால் வேலி ஃபீவர் (Valley Fever) என்ற நுரையீரல் நோய் வரும். திரும்பி வந்து சில வாரம் கழித்து இருமலும் காய்ச்சலும் விடாமல் இருந்தால் டாக்டரிடம் பாலைவனத்துக்குப் போனதைச் சொல்லுங்கள். மருத்துவமனை 35 மைல் வடக்கே பார்க்கரில் இருக்கிறது.

மனிதர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மினசோட்டா, ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவன் என்று பனிப் பிரதேசங்களிலிருந்து வந்து மூன்று நான்கு மாதம் தங்கும் ஓய்வுபெற்றவர்கள்தான் அதிகம். பேட்டரி வயர் கழன்றால் கேட்காமலே ஸ்பேனரோடு வந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: இவ்வளவு இடம் இருக்கும்போது பக்கத்தில் வந்து ஒட்டி நிறுத்துவது. கூப்பிடு தூரம் விட்டு நிறுத்துங்கள், பாட்டை வண்டிக்குள் மட்டும் கேளுங்கள், நாயோடு நடப்பவர்களைக் கடந்து போகும்போது ஒரு வணக்கம் சொல்லுங்கள். மறுநாள் அவர்களே பேச வருவார்கள். உங்கள் மகளுக்கு அங்கே நிறையத் தாத்தா பாட்டி கிடைப்பார்கள்.

காகிதங்கள். நீங்கள் எச்1பி வேலை விசாவில் இருக்கிறீர்கள், மனைவி எச்4 சார்ந்தோர் விசாவில். பதினெட்டு வயதைத் தாண்டிய வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இருவரின் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) பிரிண்ட், பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஐ-10 வழியாகப் போய் அதே வழியில் திரும்பினால் சோதனைச் சாவடி இருக்காது. தெற்கே யூமா ஊர் வரை இறங்கி 95-இல் வடக்கே வந்தால் எல்லைக் காவல் சாவடி உண்டு. காகிதம் கையில் இருந்தால் ஒரு நிமிட வேலை. கலிஃபோர்னியாவுக்குள் பிளைத் பக்கம் எட்டிப் பார்ப்பதானால் அங்கே விவசாயச் சோதனை இருக்கிறது. கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் லா போசாவிலேயே சமைத்துத் தீர்த்துவிடுங்கள்.

பகலில் ஊருக்குள் ஹை ஜாலியின் கல்லறைக்குப் போய் வாருங்கள். 1856-இல் அமெரிக்க ராணுவம் பாலைவனத்துக்காக ஒட்டகங்களை இறக்கியபோது உடன் வந்த ஹாஜி அலிதான் இவர்; அந்தப் பெயரே ஹை ஜாலி ஆகிவிட்டது. இங்கேயே தங்கி 1902-இல் இறந்தார். கல்லறையாகக் கட்டிய பிரமிடின் உச்சியில் ஒரு ஒட்டகம் நிற்கும், குழந்தைக்குப் பிடிக்கும். ஜனவரியில் பெரிய ஆர்.வி. கண்காட்சி நடக்கும் நாட்களில் ஊருக்குள் போக்குவரத்து நகராது, போன் சிக்னலும் திணறும். எனவே மளிகை, மருந்து, புரொப்பேன் எல்லாவற்றையும் சாண்ட்லரிலேயே முடித்துவிடுங்கள்.

நாலு ராத்திரி போதும். திரும்பும் நாள் காலையில் இரண்டு தொட்டிகளையும் லா போசாவிலேயே காலி செய்துவிடுங்கள், இல்லையென்றால் வாடகைக்காரர் அதற்குத் தனியாகப் பிடித்துக்கொள்வார். எந்த வண்டி கிடைக்கிறது, என்ன பேட்டரி என்று தெரிந்ததும் எழுதுங்கள், ராத்திரிக் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்த்துவிடலாம்.