பிளஸ் டூ வரலாற்றில் வருடங்கள் மனதில் நிற்கவே மாட்டேன் என்கின்றன, எப்படிப் படிப்பது?

நானும் ஆர்ட்ஸ் குரூப்தான், படித்தது தூத்துக்குடியில். ஆரம்பத்தில் வருடங்களைச் சீட்டில் எழுதி ஒப்பித்துக்கொண்டிருந்தேன். காலாண்டுத் தேர்வில் வங்கப் பிரிவினை ரத்தான 1911ஐ, பிரிவினை நடந்த வருடம் என்று எழுதிவிட்டேன். விடைத்தாளைக் கொடுத்தபோது டீச்சர் திட்டவில்லை. "நம்ம ஊர்ல வ.உ.சி. கப்பல் விட்டது ஏன் 1906ல? பத்து வருஷம் முன்னாடியே ஏன் விடல?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று ராத்திரி பாடத்தைத் திரும்ப எடுத்தேன். 1905 அக்டோபர் 16 அன்று வங்காளம் பிரிகிறது, அந்தக் கோபத்தில் கிளம்பிய சுதேசி இயக்கம் தெற்கே வருகிறது, சரியாக ஒரு வருடம் கழித்து, 1906 அக்டோபர் 16 அன்று, சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாகிறது. கொழும்பு வழியில் போட்டி வந்ததும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது. 1908இல் தூத்துக்குடி கோரல் பஞ்சாலையில் வேலைநிறுத்தம், மார்ச் 12 வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலியில் துப்பாக்கிச்சூடு. அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். பிரிவினை ரத்தானதும் அதே வருடம் டிசம்பரில்தான். அதற்கப்புறம் இந்த வருடங்கள் எனக்குக் குழம்பியதே இல்லை.

ஆகவே ஒவ்வொரு வருடத்திடமும் "ஏன் அப்போது?" என்று கேளுங்கள். இன்னொன்று, இதை முக்கியமாகச் சொல்கிறேன்: நம் பாடநூலில் இந்தியா முதலில், உலகம் பின்னால், தனித்தனியாக இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியது நாம்தான். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி ஒரு நீளக் கோடு போடுங்கள், கோட்டுக்கு மேலே உலகம், கீழே இந்தியா. 1942ஐ எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுகிறது, மார்ச்சில் பிரிட்டிஷ் அமைச்சர் கிரிப்ஸ் சமரசம் பேச டெல்லிக்கு ஓடி வருகிறார், பேச்சு முறிகிறது, ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு. மூன்று பாடங்களில் சிதறிக் கிடப்பது ஒரே கதையாகிவிடும், ஐந்து மதிப்பெண் விடையில் "காரணங்கள்" பகுதியும் தானாக எழுத வரும்.

ஒரு மதிப்பெண்ணுக்குப் பாடத்தின் பின்னால் உள்ள வினாக்களை விடாமல் பாருங்கள், சரி, அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் 1930 வேதாரண்யம் உப்பு யாத்திரையிலிருந்து தொடங்குங்கள். யாத்திரை போகிறவர்களுக்குச் சோறு போடக்கூடாது என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் உத்தரவு போட, சனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்ட சாலைகள் உங்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன.