கூடையில் ஏற முன் மண்ணைப் பாருங்கள்

கட்டார், துபாய் என்று 17 வருடம் பூம் லிஃப்ட் (நீண்ட இரும்புக் கையின் நுனியில் இருக்கும் கூடையில் ஆளை உயரத்துக்குத் தூக்கும் மெஷின்) ஓட்டிவிட்டுக் கல்லாற்றுக்குத் திரும்பியிருக்கும் ஓப்பரேட்டர் ஒருவர் இந்த மாதம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு முன் 50 அடிக் கோபுரத்துக்கு வர்ணம் பூச வேண்டும். சாரம் கட்டாமல் பூம் லிஃப்ட் வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார்கள். கடலுக்குக் கிட்ட, மணல் நிலம். மெஷின் நிற்குமா?
(நிர்வாகசபை உறுப்பினர், திருக்கோவில்)

பதில்: நிற்கும் ஐயா, நிறுத்துகிற இடம் சரியாக இருந்தால். கோபுரம் எத்தனை அடி என்று எழுதினீர்கள். அதன் முன்னால் நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. எனக்கு முதலில் வேண்டியது அதுதான்.

18 மீற்றர் உயரம் போகும் டீசல் பூம் லிஃப்ட் கிட்டத்தட்ட 10 டன் பாரம். அந்தப் பாரம் நான்கு சில்லுக்கும் சமமாகப் போகாது. கையை நீட்டித் திருப்பும்போது ஒரு பக்கத்துச் சில்லு அதில் பெரும்பங்கைத் தாங்கும். நம் பக்கத்து மணல் வெயிலில் கெட்டி மாதிரி இருக்கும். மார்கழி மழைக்குப் பிறகு அதே இடத்தில் ட்ரக்டர் புதைந்து கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். இரண்டு சில்லுகளுக்கும் நடுவே 2.4 மீற்றர் என்று வையுங்கள். ஒன்று 10 சென்ரிமீற்றர் தாழ்கிறது. கீழே நிற்பவருக்கு அது பெரிதாகவே தெரியாது. ஆனால் 18 மீற்றர் உயரத்தில் கூடை முக்கால் மீற்றர் பக்கவாட்டில் போய்விடும். தோஹாவில் எனக்கு நடந்தது இதுதான். கேபிள் புதைத்து மூடிய குழி ஒன்று. மேலே பார்த்தால் மற்ற நிலத்தைப் போலவே இருந்தது. பின்சில்லு ஒரு சாண் கூட இறங்கவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கும்பிட்ட தெய்வங்களுக்குக் கணக்கில்லை. சரிவு அலாரம் அதற்குப் பிறகுதான் கத்தியது. அது நிலம் சரிந்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், மண் இளகி இருக்கிறதா என்று சொல்லாது.

ஆகவே கோயிலில் மூத்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு வீதியைச் சுற்றி நடங்கள். தூர்த்த கிணறு, பழைய மலசலகூடக் குழி, தீர்த்தம் ஓடும் கான், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் சுண்ணாம்பால் வட்டம் போட்டு வையுங்கள். மெஷின் அந்த வட்டங்களுக்குக் கிட்டவும் வரக்கூடாது. மணலில் ஓட வேண்டியே இருந்தால் தடித்த இரும்புத் தகடு விரிக்க வேண்டும். தகடு வாடகைக்குத் தருகிறார்களா என்று மெஷின்காரரிடம் முன்னமே கேளுங்கள். லொறியில் பூட்டிய வகை வந்தால் அதன் ஜாக்குகளுக்குக் கீழே அகலமான தடித்த பலகை வேண்டும். செங்கல் வைத்துச் சமாளிப்பவரைக் கண்டால் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கூடையின் பாரத்தையும் பாருங்கள். பல மெஷின்களில் 230 கிலோதான் எல்லை. உங்களுடையதில் எவ்வளவு என்று கூடையிலேயே ஒட்டியிருக்கும். ஆள் 75 கிலோ வீதம் இரண்டு பேர், 20 லீற்றர் பெயின்ற் வாளி நான்கு. வாளி ஒன்று 25 கிலோவுக்குக் குறையாது. கூட்டிப் பாருங்கள், 250 வரும். இரண்டு வாளி கீழே நிற்கட்டும்.

கட்டும் சாரத்தை விட்டு மெஷினுக்கு மாறுகிறீர்கள், நல்லது. உடுத்தும் சாரத்தையும் விட்டுவிட்டுக் காற்சட்டை போட்டு ஏறச் சொல்லுங்கள். கம்பியில் கொழுவுப்பட்டு ஒருவர் தடுமாறியதைக் கண்டவன் நான்.

கேள்வி: கட்டாருக்குப் போகப் போகிறேன். பூம் லிஃப்டில் பெல்ட் கட்டாயம், சிசர் லிஃப்டில் தேவையில்லை என்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? மெஷின் விழுந்தால் பெல்ட் இல்லாதவன் குதித்துத் தப்பலாம் என்கிறார் மாமா.
(வாழைச்சேனை இளைஞர்)

பதில்: தம்பி, மாமாவிடம் கோபிக்காமல் சொல்லுங்கள், ஆறு மாடி உயரத்திலிருந்து குதித்து யாரும் தப்புவதில்லை. பூம் லிஃப்ட் தூண்டில் கம்பு மாதிரி. கீழே சில்லு சின்னக் குழியில் விழுந்தாலே நுனி உதறும், கூடையில் நிற்பவனை வெளியே எறியும். அதற்குத்தான் முழு உடம்பு ஹார்னஸும் கட்டைக் கயிறும். கயிற்றைக் கூடைக்குள் அதற்கென்று இருக்கும் வளையத்தில் கொழுவ வேண்டும். பக்கத்துக் கட்டடத்தின் இரும்பில் கொழுவினால் கூடை நகரும்போது உன்னை அதுவே இழுத்து எடுத்துவிடும்.

சிசர் லிஃப்ட் கத்தரிக்கோல் மாதிரி விரியும் கால்களில் நேராக மேலே போகும், அந்த உதறல் குறைவு. அங்கே சுற்றுக்கம்பிதான் காவல். படலையைச் சாத்தி, கால் இரண்டும் தளத்தில் இருக்க வேண்டும். எட்டவில்லையென்று கம்பியில் ஏறி நின்றால் அந்தக் காவலும் போச்சு. சில கம்பனிகளில் சிசரிலும் பெல்ட் கேட்பார்கள். கேட்டால் போடு, வாதாடாதே.

கேள்வி: மண்டபத்துக்கு வெளியே பெரிய பதாகை கட்டப் போகிறோம். எவ்வளவு காற்று வரை ஏறலாம்?
(ஏறாவூர்)

பதில்: வெளியில் பாவிக்கும் மெஷின்களில் பெரும்பாலும் செக்கனுக்கு 12.5 மீற்றர், அதாவது மணிக்கு 45 கிலோமீற்றர் என்று தகட்டில் போட்டிருக்கும். கட்டடத்துக்குள் மட்டும் என்று செய்த சிசர்களில் பூச்சியம் போட்டிருக்கும், அதை வாசலுக்கு வெளியே கொண்டுவரவே கூடாது. உங்கள் பதாகை கூடையில் இருக்கும் வரை அது பாய்மரம். கச்சான் வீசும் மாதங்களில் விடியற்காலை ஏறி வேலையை முடியுங்கள். (தின்னும் கச்சானைப் பின்னேரம் பார்த்துக்கொள்ளலாம்.)

கேள்வி: கடைப் பெயர்ப் பலகைக்கு முன்னால் மின்சாரக் கம்பி போகிறது. கவனமாகச் செய்தால் போதாதா?
(கல்முனை)

பதில்: போதாது. கம்பியைத் தொடாவிட்டாலும் கிட்டப் போனால் உயர் அழுத்த மின் பாயும். நான் படித்த விதியில் குறைந்தது 3 மீற்றர், அதுவும் கூடை, கை, நீங்கள் பிடித்திருக்கும் குழாய் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அந்த இடைவெளி இல்லையென்றால் மின்சார சபைக்கு 1987 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து, மின்னை நிறுத்திய பிறகு ஏறுங்கள். மெஷின் கம்பியில் பட்டுவிட்டால் கீழே நிற்பவர் ஓடிப்போய் அதைத் தொடக்கூடாது.

கேள்வி: என் கணவர் சொந்தமாகச் சின்ன பூம் லிஃப்ட் வைத்திருக்கிறார். கீழே நிற்பது என் தம்பி மட்டும். மேலே அவருக்கு மயக்கம் வந்தால் யார் இறக்குவது?
(ஆரையம்பதி)

பதில்: தங்கச்சி, மெஷின்காரர்கள் ஒருவரும் கேட்காத கேள்வி இது.

மெஷினின் அடியிலும் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை இருக்கிறது. சாவியைக் கீழ்ப்பக்கம் திருப்பினால் மேலே கூடையில் இருக்கும் சுவிச்சுகள் வேலை செய்யாது, கீழே நிற்பவர் இறக்கலாம். என்ஜின் நின்றுபோனால் பற்றரியில் ஓடும் அவசரப் பம்ப் இருக்கும், அதற்கு ஒரு சுவிச். அது மெதுவாகத்தான் இறக்கும், பதறக்கூடாது. உங்கள் தம்பிக்கு இதெல்லாம் தெரியுமா? தெரிந்திருந்தாலும் செய்து பார்த்திருக்கிறாரா? ஒரு மெஷினில் இருக்கும் சுவிச் அடுத்ததில் வேறு இடத்தில் இருக்கும்.

நாளைக் காலையில் உங்கள் வீட்டு முற்றத்திலேயே, கணவரை இரண்டு மீற்றர் உயரத்தில் நிறுத்திவிட்டு, என்ஜினை நிறுத்தித் தம்பியை இறக்கச் சொல்லுங்கள். அவர் மேலிருந்து ஒரு வார்த்தையும் சொல்லித்தரக்கூடாது. “வேலையைக் கெடுக்கிறாய்” என்று கத்தினால் நான்தான் சொன்னேன் என்று சொல்லுங்கள், ஏச்சு எனக்கு வரட்டும்.